தர்ஷினியின் பிறந்தநாளும் இரண்டு இருபது வண்டியும்

டிக்கெட் கொடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசும் என் அன்பு மாமாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் தர்ஷினிக்குப் பதினொரு வயது ஆனது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இத்தனை நாளில் உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. அக்கா புருஷனுக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்கே தெரியும். ஆனால் இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் பெண் ஒரு காரியம் செய்திருக்கிறாள். மஞ்சக்குப்பத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதை ஒரு தடவையாவது கேட்டாயிற்று. கேட்காதவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் போன் என்னிடம்தான் இருக்கிறது மாமா. கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எத்தனை ஆஸ்பத்திரி வாசலில் 'அவசர ரத்தத்துக்கு' என்று அந்த நம்பரைக் கொடுத்து வைத்தீர்களோ, இன்னும் அது ஓய்ந்தபாடில்லை. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போதே ஒவ்வொருவரிடமும் என்ன குரூப்பு என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வீர்கள். கண்டக்டர் டிக்கெட்டுக்கு ரத்தம் கேட்கிறான் என்று ஜனங்கள் கிண்டல் செய்வார்கள். கிண்டல் செய்தவர்களும் கடைசியில் பெயரைக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

நானும் என்னால் முடிந்ததைச் செய்தேன். உங்கள் நோட்டைப் பார்த்து எல்லாப் பெயரையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பெயர், குரூப்பு, போன் நம்பர் என்று மூன்றே கட்டம். நீங்கள் ஸ்டாப்பிங் வாரியாக எழுதி வைத்திருந்ததையும், யார் எந்த வண்டியில் ஏறுவார் என்ற விவரத்தையும் விட்டுவிட்டேன். ரத்தம் கொடுப்பவர் பட்டியலில் பஸ் டைம் எதற்கு என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் படித்தவன் அல்லவா, கொஞ்சம் திமிர். செல்வம் என்று ஆறு பேர் வந்தார்கள். ஒன்று முதல் ஆறு வரை நம்பர் போட்டுவிட்டேன்.

அக்கா அந்த போனைத் தொடவே மாட்டாள். அது அடிக்கும்போதெல்லாம் நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதை அவள் மறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நீங்கள் சரிந்து விழுந்தபோதும் அது உங்கள் காதில்தான் இருந்ததாம். பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால் என் கடைக்கே வந்து சொன்னாள். "அன்னைக்கு அந்த போனு வூட்டுக்குள்ள வரக் கூடாது சரவணா. மறுநாளே நம்பரையும் எடுத்துடு. செத்தவரு நம்பருக்கு எத்தினி நாளைக்குப் பதில் சொல்லிக்கினு இருப்ப?"

சரி என்றேன். அவள் சொன்னதில் என்ன தப்பு? போன வருஷப் பிறந்தநாளன்று ரத்தம் கொடுக்க ஆள் தேடி நான் நெய்வேலிக்கும் கம்மாபுரத்துக்கும் அலைந்ததில் தர்ஷினி கேக்கை மறுநாள்தான் வெட்டினாள். அதனால் திங்கட்கிழமை காலையில் நம்பரை நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று. உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஞாயிறு காலை தாய்மாமன் முறைக்குப் பாவாடை சட்டை எடுத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்குப் போனேன். சட்டை இரண்டு அளவு பெரிசு. அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று சமாளித்தேன். போன் வீட்டுக்குள் வரக் கூடாது என்றுதானே சொன்னாள்? வாசலில் நின்ற என் ஸ்கூட்டர் வண்டியின் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவைத்தேன். அடிக்காமல் அதிர்கிற மாதிரிதான் வைத்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குக் கேக் வெட்டுவதாக ஏற்பாடு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பத்து மணிக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பதினொன்றுக்குக் கரண்ட் போனது. பிரியாணிக்கு அரைத்துக்கொண்டிருந்த மசாலா மிக்ஸியில் பாதியில் நின்றது. கடையில் விண்ணப்பம் கொடுத்திருந்த ஒருவர் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்து, ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியும் கேட்காமல், தன் வருமானச் சான்றிதழ் என்ன ஆயிற்று என்று அரை மணி நேரம் நின்றார். நடுநடுவே நான் ஐஸ் வாங்க, பலூன் வாங்க என்று ஏதாவது சொல்லி வாசலுக்குப் போய் வந்தேன். ஒரு தடவை ஓ பாசிட்டிவ் கேட்டார்கள், இரண்டு போனில் முடிந்தது. இன்னொரு தடவை புதுச்சத்திரத்திலிருந்து ஒரு அம்மா, வண்டி கிளம்பிவிட்டதா என்று கேட்டார். நீங்கள் இல்லை என்பது அவருக்கு இன்னும் தெரியாது. கிளம்பிவிட்டதம்மா என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. மெழுகுவர்த்தி ஏற்றி, பிள்ளைகள் பாட வாயெடுத்தபோது, ஜன்னலுக்கு வெளியே வண்டிப் பெட்டி தடதடவென்று ஆடும் சத்தம். தொடர்ந்து மூன்று தடவை. தர்ஷினிதான் முதலில் சொன்னாள், 'மாமா, உங்க வண்டி அதிருது' என்று. அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கேக்கைப் பார்த்தாள். நான் வெளியே ஓடினேன்.

சிதம்பரத்திலிருந்து ஒரு பையன் பேசினான், இருபத்தைந்து வயதுக் குரல். பெண்டாட்டிக்குத் தலைப்பிரசவம், உடம்பில் ரத்தமே இல்லை, நாளைக் காலையில் ஆபரேஷன். பி நெகட்டிவ் ஒரு பாட்டில்தான் கிடைத்திருக்கிறது, இன்னொன்று வேண்டும். இன்று ஐந்து மணிக்குள் ஆள் வந்து கொடுத்தால்தான் சோதனையெல்லாம் முடித்துக் காலையில் தயாராக இருக்கும் என்று சொல்லிவிட்டார்களாம். சொல்லிக்கொண்டே அழுதுவிட்டான்.

வாசலில் நின்றபடியே என் பட்டியலைத் திறந்தேன். பி நெகட்டிவில் ஏழு பேர். ஒருவர் சென்னையில். ஒருவர் போன மாதம்தான் கொடுத்தாராம். ஒருவருக்குக் காய்ச்சல். இரண்டு நம்பர் உபயோகத்திலேயே இல்லை. ஒருவர் எடுத்து, கண்டக்டர் தவறிட்டாராமே என்று என்னிடமே துக்கம் விசாரித்தார். அவருக்கும் இப்போது சர்க்கரைக்கு ஊசி. கடைசியில் செல்வம் நாலு. சுவிட்ச் ஆஃப்.

திரும்பிப் பார்த்தால் அக்கா கரண்டியோடு நிற்கிறாள். கேக்கையாவது வெட்டிவிட்டுப் போடா என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. அவளுக்குப் பின்னாலேயே தர்ஷினி வந்தாள். பாட்டு இல்லாமலே மெழுகுவர்த்தியை அவளே ஊதி அணைத்துவிட்டு வந்திருக்கிறாள், மாமா.

"என்னா குரூப்பு மாமா?"

"பி நெகட்டிவ். நீ உள்ள போ."

"எந்தெந்த ஸ்டாப்புல யாரு இருக்காங்க?"

என் மூன்று கட்டத்தில் அது இல்லையே.

அவள் உள்ளே போய்த் தன் பள்ளிப் புத்தகங்களுக்கு நடுவிலிருந்து உங்கள் நோட்டை எடுத்து வந்தாள். நான் ஏற்றி முடித்துவிட்டு உங்கள் அலமாரியில் போட்டது. எப்போது எடுத்தாளோ, காக்கி அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, உங்கள் பெயரையும் எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்திலிருந்து, சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வண்டி திரும்பி வருகிற மாதிரி, ஒவ்வொரு ஸ்டாப்பாக விரல் வைத்து மேலே வந்தாள். சிதம்பரம், பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம். காரைக்காட்டில் விரல் நின்றது. உங்கள் கோழிக்கிறுக்கலை அவள் தடங்கலே இல்லாமல் படித்தாள். 'செல்வம், கம்பெனி, பி நெகட்டிவ். ஏ ஷிப்ட் என்றால் 2.20 வண்டி, பின்படிக்கட்டு சீட். தூங்குவார். புதுச்சத்திரத்தில் எழுப்பவும்.'

அவள் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு வண்டியில் வருவாளே, அவரை எழுப்புவது அவள் வேலையாம். கம்பெனிக்குள் போன் கொண்டு போக விடமாட்டார்கள், கேட்டிலேயே அணைத்துக் கொடுத்துவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து வாங்கினால் அப்படியே பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு ஓடி வருவார், ஏறியதும் தூங்கிவிடுவார், வீட்டுக்குப் போய்த்தான் போனைப் போடுவார். நான் சுவிட்ச் ஆஃப் என்று தள்ளிவிட்ட மனிதர், இன்னும் கொஞ்ச நேரத்தில் சிதம்பரம் வண்டியில் ஏறப்போகிறவர். இந்த வாரம் அவருக்கு அந்தக் காலை ஷிப்ட்தானா என்பதுதான் தெரியவில்லை.

அப்போது மணி ஒன்று ஐம்பது. உங்கள் வண்டியில் இப்போது ஏழுமலைதான் கண்டக்டர். தர்ஷினி என் கையிலிருந்த உங்கள் போனை வாங்கி அவருக்குப் போட்டாள். ஏழுமலையின் போனில் உங்கள் பெயர் வந்திருக்கும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எடுத்தவர் "அண்ணே" என்றார். வண்டி உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா இல்ல சித்தப்பா, தர்ஷினி பேசுறேன். சிதம்பரத்துக்கு ரத்தம் வேணும். காரைக்காட்டுல செல்வம் மாமா ஏறுனாருன்னா தூங்க வுட்டுடாதீங்க."

எந்த ஆஸ்பத்திரி, என்ன குரூப்பு, எத்தனை மணிக்குள், அந்தப் பையனின் நம்பர் என்ன என்று எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். அவரைத் திருப்பிச் சொல்லவும் வைத்தாள். இதையெல்லாம் அவளுக்கு நீங்கள் எப்போது சொல்லிக் கொடுத்தீர்கள் மாமா? சொல்லியே கொடுக்கவில்லையா, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுதானா?

அந்த அரைமணி நேரம் போல எனக்கு நீண்ட அரைமணி நேரம் இருந்ததில்லை. பிள்ளைகள் பசிக்கிறது என்றார்கள். அக்கா பிரியாணி போட்டாள். தர்ஷினி சாப்பிடவில்லை. பெரிசான சட்டையின் கையை மடித்து மடித்து விட்டபடி போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் வரக் கூடாத போன் கூடத்தின் நடுவில் இருந்தது. அக்கா அதைத் தாண்டித் தாண்டிப் பரிமாறினாள்.

இரண்டு இருபத்தெட்டுக்கு ஏழுமலை கூப்பிட்டார். செல்வம் ஏறிவிட்டாராம். ஏறின மறு நிமிஷம் தூங்கியும்விட்டாராம். எழுப்பி விஷயத்தைச் சொன்னதும், சிதம்பரத்துக்கே டிக்கெட் போடுங்க என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் துள்ளிக் குதிக்காத குறைதான். அப்போது அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"சாப்ட்டாரான்னு கேளு. வெறும் வயித்துல குடுக்கக் கூடாது."

நாங்கள் இரண்டு பேருமே அவளைத் திரும்பிப் பார்த்தோம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். செல்வம் சாப்பிட்டிருக்கவில்லை. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போனவர். பக்கத்து சீட்டு அம்மா தன் தூக்குவாளியிலிருந்த எலுமிச்சை சாதத்தை அவருக்குக் கொடுத்தாராம், ஆலப்பாக்கத்தில் ஏழுமலை இறங்கி வாழைப்பழமும் தண்ணீரும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வண்டியில் ஒருத்தரும் நேரமாகிறது என்று முணுமுணுக்கவில்லையாம். உங்கள் வண்டி ஜனங்கள் உங்கள் ஜனங்கள்தான்.

நாலே கால் மணிக்குச் சிதம்பரத்துப் பையன் கூப்பிட்டான், ரத்தம் எடுத்தாயிற்று என்று. மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அதைச் சொல்லவும் கூப்பிட்டான்.

எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது மாமா? ரத்தம் கிடைத்தது பெரிய விஷயம்தான். அதைவிட, நாங்கள் பெரியவர்கள் இரண்டு பேரும் அந்தப் பிள்ளையின் நாளைக் கெடுக்காமல் போனை ஒளித்து வைக்கப் பார்த்தோம், அவளோ அதைத் தன் நாளிலேயே சேர்த்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் பார்க்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

நாலரை மணிக்குக் கேக் வெட்டினோம். கிரீம் உருகி ஒரு பக்கம் வழிந்திருந்தது, பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தர்ஷினி கத்தியைக் கேக்கில் வைத்த நேரம் பார்த்து போன் அதிர்ந்தது. நான் கையை நீட்டினேன், அவள் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் முந்தி அக்கா எடுத்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"ஆமாங்க, கண்டக்டர் வூடுதான். நான் அவரு சம்சாரம் பேசுறேன். அழாம சொல்லுங்க, எந்த ஆஸ்பத்திரி?"

நம்பரை எடுக்கவில்லை மாமா, எடுக்கவும் மாட்டோம். என் மூன்று கட்டப் பட்டியலை அழித்துவிட்டேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் நானும் உங்கள் பெண்ணும் உங்கள் வண்டியில் ஏறி, மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் வரை ஒரு ஸ்டாப் விடாமல், யார் இருக்கிறார், யார் ஊர் மாறினார், யார் புதிதாகச் சேருகிறார் என்று கேட்டு எழுதுவோம். அவள் கேட்பாள், நான் எழுதுவேன். அக்கா போன் எடுப்பாள். இது நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உங்கள் மச்சான்,
தர்ஷினியின் தாய்மாமன்,
சரவணன்