வேளிப் படகுத்துறையில் நீ சிரித்த சிரிப்பு

ஷிஜு,

நேற்று வேளிப் படகுத்துறையில் நின்றவர்கள் நான், உன் அம்மா, நீ, உன் மாமனார், மாமியார். காதுக் கட்டி ஆபரேஷன் முடிந்து பதினோரு மாதம் கழித்து உன் தங்கை ஆர்ஷா முதல்முறையாகக் கயாக் படகில் காயலைச் சுற்றி வந்தாள். கரையேறும்போது தள்ளாடினாள். "என்ன மோளே, காலம்பறயே ரெண்டு பெக்கு போட்டாச்சா?" என்றார் உன் மாமனார். சம்பந்தி என்பதால் நான் வாயை மூடிக்கொண்டேன். நீ ஏன் சிரித்தாய்?

இன்று ஆராதனை முடிவதற்குள் சபை முழுக்க அதே பேச்சு. இனி வெளியே இறங்கமாட்டேன் என்று ஆர்ஷா அழுதாள். அதனாலேயே அவளை மறுபடி வேளிக்குக் கூட்டிப் போகிறேன்.

நாலு மணிக்குச் சம்பந்தி வீட்டார் வருவார்கள்; நாங்கள் கொஞ்சம் பின்னால் வந்துவிடுவோம். ஏத்தங்காய் சிப்ஸ் டின்னில் இருக்கிறது. டீயை நீயே போடு. உன் அம்மாவை எழுப்பாதே. ஆர்ஷாவின் நாற்காலிக்கு இடப்பக்கம் யாரையும் உட்காரவைக்காதே, அந்தக் காது கேட்காது.

உன் சிரிப்பு அவளுக்குக் கேட்டது. வலது காது நன்றாக இருக்கிறது.

கீழே உள்ளதை அவர்கள் டீ குடிக்குமுன் வாசித்துக் காட்டு. நீ வாசிக்காவிட்டால் நான் வந்து வாசிப்பேன்.

ஆர்ஷா குடிக்கவில்லை. கட்டியோடு சமநிலை நரம்பையும் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் தள்ளாடினாள்.

அப்பா