மப்ளரும் மூடியும்

மாப்ளே, முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதிலும் மப்ளரின் இரண்டு முனைகளையும் சட்டைக்குள் திணித்து, கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டுதான் வெளியே இறங்குகிறேன். எனக்குத் திடீர்த் தொப்பை என்று வில்பட்டி முழுக்கப் பேச்சு. இன்று சாரலில் மப்ளர் நனைந்தது. நனைந்தால் இன்னும் அந்த இயந்திர எண்ணெய் வாடை வருகிறது. கூடவே நீயும் வந்துவிட்டாய்.

வில்பட்டியில் பீன்ஸ் பறிக்க வேண்டியவனும் ஆயக்குடியில் கொய்யா விற்க வேண்டியவனும் பம்பாயில் ஒரே கப்பலில் ஏறியது ஊருக்கே வேடிக்கை. வெயில் கொளுத்தும், நான் மட்டும் மப்ளரோடு நிற்பேன். "ஏலே, கப்பலுக்குச் சளி பிடிச்சிருச்சா?" என்பாய். மலைக்காரனுக்குக் கழுத்தில் ஒன்றும் சுற்றாமல் வெளியே வந்தால் இடுப்பில் துணி இல்லாதது போல இருக்கும். கீழ்நாட்டுக்காரன் உனக்கு அது எங்கே புரியப்போகிறது!

பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு நாள் காலை, சரக்குத் தூக்கும் வின்ச் அருகே நின்றேன். கம்பி சுற்றும் உருளைக்கு மூடி கிடையாது. தொங்கிய முனையை அது இழுத்தது. மப்ளர் என்னை இழுத்தது. நீ பாய்ந்து வந்து கத்தியால் அறுத்தாய். என் கழுத்து தப்பியது. உன் வலது கையில் இரண்டு விரல்கள் தப்பவில்லை.

கப்பல் தாளில் உன் பெயருக்கு நேரே "சொந்தக் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். அந்த எழுத்து அப்படியே நின்றால் இனி எந்தக் கப்பலும் உன்னை ஏற்றாது. விசாரிக்க அரசாங்க அதிகாரி வருவதாகச் சொன்னதும், கப்பலில் நம்மை வேலை வாங்கி மேய்த்த சாரங்கு என்னை ஓரங்கட்டினார்.

"மூடி கீடின்னு வாயத் தொறந்தா உனக்கும் அடுத்த கப்பல் கெடையாது."

அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறொன்று. பம்பாய் வெயிலில் மப்ளர் கட்டிய கதையைப் பெரிய மனிதர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையோடு நீ கேட்டாய்: "சிரிப்பாங்கன்னு பாக்குறியா? சிரிச்சிட்டுப் போறாங்க மாப்ளே. மூடியப் போட்டுட்டுச் சிரிக்கட்டும்."

விசாரணைக்குப் போனேன். அறுந்த இரண்டு துண்டுகளையும் மேசைமேல் வைத்தேன். "தப்பு அவன் மேல இல்லீங்க. மப்ளரு என்னுது, உருளை கப்பலோடது. மூடி இருந்திருந்தா ரெண்டும் சந்திச்சிருக்காதுங்க."

சாரங்கு இருமினார். அதிகாரி சிரிக்கவே இல்லை. துண்டை அளந்து பார்த்துவிட்டு, "கப்பல் வேலைக்குப் புது விதிகள் எழுதிட்டிருக்கோம். வேற எங்கெங்க மூடி இல்ல?" என்றார். மூன்றாங்கிளாஸ் தாண்டாதவன் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார் மாப்ளே! உன் தாளிலிருந்த அந்த இரண்டு சொற்களும் அடித்து நீக்கப்பட்டன.

அறுந்த மப்ளரை நீயே இடது கையால் தைத்துக் கொடுத்தாய், கோணல்மாணலாக. சில வருடம் கழித்து நாம் ஏறிய கப்பலில் வின்ச்சுக்கு மூடி இருந்தது. தொங்கும் துணியோடு கிட்டே வரக்கூடாது என்று அரசாங்க விதிப் பலகையும் இருந்தது. நம் மப்ளரால் வந்தது என்று அளக்க மாட்டேன். எத்தனையோ கப்பலில் எத்தனையோ பேர் விரல் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் நீ மூன்று விரலால் அந்த மூடியைத் தட்டி, "நம்ம புள்ள மாதிரி இருக்குல்ல?" என்றாய். நான் பலகையைப் பார்த்து மப்ளர் முனைகளைச் சட்டைக்குள் திணித்தேன். அதற்கும் கேலி செய்தாய்.

நீ போட்ட தையல் இன்னும் பிரியவில்லை.

நீ கண்ணை மூடிய சேதி கேட்டு ஆயக்குடிக்கு வந்தேன். விதிப்படி மப்ளரை உள்ளே திணித்திருந்தேன். இறங்கும்போது வேட்டி பஸ் கதவில் மாட்டியது. பஸ் கிளம்பியது. வேட்டி பழனிக்குப் போனது. மப்ளர் பத்திரமாக இருந்தது.