மீசையா, கடலா

3.10.2010, ஞாயிறு
மல்காஜ்கிரி வாழ் பெருமக்களுக்கு இதனால் அறிவிப்பது: உமாசங்கர் ஆகிய எனக்கு மீசை வந்துவிட்டது. ஊர்வலம் வேண்டாம்.

டிசம்பரில் அப்பாவின் ஆபீஸ் பயணச் சலுகையான எல்.டி.சி.யில் அந்தமான். கடலுக்கடியில் போக நானும் அக்கா வேதாவும் மாரெட்பள்ளி நீச்சல் குளத்தில் ஸ்கூபா பழகுகிறோம். சொல்லித் தருபவர் தூத்துக்குடி ஃபெலிக்ஸ் சார்.

10.10.2010
அநியாயம். குளத்தடியில் என் மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறியது. ஓட்டை மாஸ்க்கைக் கொடுத்தது அவர்கள். நிதானமாக மேலே வந்தேன். ஃபெலிக்ஸ் சார் என் மூக்குக்குக் கீழே முறைத்தார்.

"மீசை இருந்தா மாஸ்க் ஒட்டாதுல. எடுத்துட்டு வா. இல்லன்னா கடல் கிடையாது."

"உங்களுக்கும் இருக்கே சார்?"

"தண்ணி வந்தா நான் பதற மாட்டேன். நீ மூச்ச அடக்கிட்டு ராக்கெட்டாப் போற. நுரையீரல் கிழிஞ்சிரும்ல."

ராக்கெட்டாம். மூச்சடக்குவதில் பள்ளியிலேயே நான்தான் முதல். இங்கே அதுவே குற்றம். மூச்சுக்குக்கூடவா கோச்சிங்?

12.10.2010
வகுப்புத் தோழன் கிருஷ்ணாவிடம் புலம்பினேன். "நக்கோ ரே, எடுக்காத. கடல் எங்க போயிடும்?" என்றான். அவன் அப்பாவுக்கு எல்.டி.சி. கிடையாது. அவனுக்கென்ன.

13.10.2010
எடுத்துவிட்டேன். பேச விருப்பமில்லை.

17.10.2010
மறுபடியும் தண்ணீர். மழித்த முகத்தில். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாயப் போனேன் — வேதா தோளை அழுத்தித் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். மாஸ்க்கின் மேல்விளிம்பை அழுத்தி மூக்கால் ஊதினேன். தண்ணீர் வெளியேறியது. குமிழி விட்டபடியே மெல்ல ஏறினோம்.

கரையில் நியாயம் கேட்டேன். "மீசை போச்சு, தண்ணி போகல. என் மீசையத் திருப்பிக் குடுங்க சார்."

அவர் மாஸ்க் ரப்பரைத் தடவினார். "என்னல, வழுக்குது?"

"விளக்கெண்ணெய் சார்," என்றாள் துரோகி வேதா. "சீக்கிரம் வளரணும்னு ரெண்டு வேளை பூசுறான். எடுத்த பிறகும்."

முகத்தையும் மாஸ்க்கையும் சோப்பால் கழுவி மறுபடி இறங்கினேன். ஒரு சொட்டு வரவில்லை.

"இன்னிக்கு மேல பாயலல்ல? கடலுக்கு வா," என்றார்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். போன ஞாயிறு 'நிதானமாக' என்று எழுதியது புளுகு. அழுதேன். எல்லாம் ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இன்னொன்று. நாலு நாளாக வீட்டில் யாரும் மீசையைப் பற்றிக் கேட்கவில்லை. இன்று இரவு சாப்பாடு போடும்போதுதான் அம்மா உற்றுப் பார்த்தாள்.

"உதட்டு மேல ஏதோ அழுக்கு இருந்துதே, போயிடுத்தா?"