பின் சீட்டுக்காரர்

கோவில்பட்டி,
ஆடி, இரண்டாம் வெள்ளி

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெயப்பிரியா எழுதுவது. நானும் அத்தையும் இங்கே நலம். அத்தைக்கு முழங்கால் வலி இருக்கிறது. மகனிடம் சொல்லாதே என்றார், சொல்லிவிட்டேன். டென்மார்க்கில் கடலுக்குள் நிற்கிற காற்றாலைகளும் அவற்றில் ஏறி இறங்குகிற நீங்களும் நலம்தானே?

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பீர்கள். போன வாரம், கம்பெனியில் இன்னும் மூன்று வருஷ வேலைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், நீ என்னட்டி சொல்லுத என்று கேட்டீர்கள். குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இல்லை. உங்கள் குரலைக் கேட்டால் எனக்குச் சரி, சரி என்றுதான் வாயில் வரும். அதனால்தான் இந்தக் கடிதமும் கூட வருகிற சின்னப் பெட்டியும். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு பெட்டியைத் திறங்கள். உங்கள் பொறுமைக்கு இதற்குள் திறந்திருப்பீர்கள் என்பதும் தெரியும்.

போன லீவில் நீங்கள் வாங்கிவந்த, பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்கிற பொம்மை விண்கலம் முடிந்துவிட்டது, ஒரே ஒரு வேலையைத் தவிர. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிறவளுக்கு ராக்கெட் என்ன புதுசா என்று கேலி செய்துதானே கொடுத்தீர்கள்? என் முதல் ரெசின் பிளாஸ்டிக் பொம்மையில் பெயின்ட் தோல் தோலாக உரிந்தது ஞாபகம் இருக்கும். அதனால் இந்தத் தடவை பாகங்களை எல்லாம் சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசையைப் போக்கினேன். கழுவியது சரி, காயப்போட்ட இடம்தான் தப்பு. மாடியில் அத்தையின் மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் தட்டில் பரப்பிவிட்டு மறந்துபோனேன். கத்திரி வெயிலில் இடது இறக்கை தொங்கிவிட்டது. ஏட்டி, ஒன் ஏரோப்பிளேனுக்கு மயக்கம் வந்துட்டு, தண்ணி தெளி என்று அத்தை வந்து சொன்னார். தண்ணீர்தான் காப்பாற்றியது. வெந்நீரில் முக்கி நிமிர்த்தி, உடனே பச்சைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தேன், நேராகிவிட்டது. ரெசின் தூசு மூக்கில் ஏறாமல் உப்புத்தாளை நனைத்துத்தான் தேய்க்கிறேன், மாஸ்க்கும் போடுகிறேன், திட்ட வேண்டாம்.

கலம் இறங்கி நிற்க ஒரு தரை வேண்டுமே. அப்போது நீங்கள் வேலை பார்த்த கயத்தாறு காற்றாலை உச்சியிலிருந்து பார்த்தால் நம்ம கரிசல் வேறு ஏதோ கோள் மாதிரி இருக்கும் என்று கல்யாணமான புதிதில் சொன்னீர்கள். அதை மனசில் வைத்திருந்தேன். எட்டயபுரம் பக்கம் நம் பருத்திக் காட்டைப் பார்க்கப் போன அத்தை ஒரு மஞ்சப்பை மண் கொண்டுவந்தார். சலித்து, பசையும் தண்ணீரும் கலந்து பலகையில் ஊற்றினேன். காயக் காய மண் தானாகவே வெடித்தது, கோடையில் காடு வெடிக்கிற அதே கோணல்மாணலோடு. நான் ஒரு கோடுகூடக் கீறவில்லை. இது ரொம்பத் தூரத்துக் கோள் என்று அத்தையிடம் பெருமையாகக் காட்டினேன். சும்மா கெட, இது நம்ம மேலக்காடுல்லா என்றார்.

சாயங்காலம் கலத்தை அந்த மண்ணில் நிறுத்தி, மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துப் பார்ப்பேன். பின்னால் வானம் சிவந்து கிடக்கும். கலம் இப்போதுதான் இறங்கியது, புழுதி இன்னும் அடங்கவில்லை, யாரோ நம் காட்டு வரப்பில் நடந்து வருகிறார் என்று தோன்றும். அவர் ஹெல்மெட்டைக் கழற்றப் போகிற நேரத்துக்குக் கீழே பூக்காரம்மா கூப்பிடுவார். நான் இறங்கிப் போய்விடுவேன். மறுநாள் விட்ட இடத்திலிருந்து பார்ப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கலத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு சீட், ஆனால் அது வந்த பெட்டியில் ஆள் பொம்மை ஒன்றுதான். விடுபட்டுவிட்டதோ என்று அதோடு வந்த படத்தைப் பார்த்தேன். அதிலும் பின் சீட் காலிதான். எனக்கு அது பொறுக்கவில்லை. முன் சீட் ஆளின் தாடியைச் சுரண்டி, கொண்டை வைத்து, நானாக மாற்றினேன். கோவிக்க வேண்டாம், ஓட்டுவது நான்தான். பின் சீட்டுக்கு, குழாய் ஓட்டை அடைக்கிற எம்சீலைப் பிசைந்து நானே ஒருவரைச் செய்தேன். மஞ்சள் ஹெல்மெட், காற்றாலையில் ஏறும்போது இடுப்பில் மாட்டுகிற வார், இடது புருவத்தில் தழும்பு. யார் என்று சொல்லாமல் அத்தையிடம் நீட்டினேன். நம்ம சதீசுல்லா என்று வாங்கியவர் வெகுநேரம் திருப்பித் தரவில்லை. மெலிஞ்சிட்டான் என்றார். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஆளில் பெற்றவள் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ.

அவரைத்தான் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். சுற்றியிருப்பது நம் காட்டுப் பஞ்சு, அத்தை சுற்றியது. உட்கார்ந்த வாக்கில் செய்த ஆள், அதனால் உங்கள் மேசையில் வைத்தால் சாய்ந்துவிடுவார். எதையாவது முட்டுக்கொடுத்து உட்கார வைக்க வேண்டாம். அவர் சீட் இங்கே இருக்கிறது.

கையெழுத்துப் போடாதீர்கள் அத்தான். அந்தக் கடல் காற்றாலைகள் மேல் உங்களுக்கு எவ்வளவு ஆசை என்று தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன். கயத்தாற்றிலும் காற்று அடிக்கத்தான் செய்கிறது. எனக்கு நீங்கள் பக்கத்தில் வேண்டும். இதைத்தான் போனில் சொல்ல வரவில்லை.

பாக்கி இருக்கிற அந்த ஒரு வேலை, கலத்தின் கண்ணாடி மூடி. அதை ஒட்டிவிட்டால் பிறகு யாரையும் உள்ளே வைக்க முடியாது, உடைத்தால்தான் உண்டு. ஒட்டாமல் வைத்திருக்கிறேன். ஜன்னலைச் சாத்தினாலும் ஆடிக் காற்று கரிசல் புழுதியைக் கொண்டுவந்து பின் சீட்டில் போடுகிறது. காலையில் பிரஷ்ஷால் துடைக்கிறேன், சாயங்காலம் மறுபடியும் கறுத்துவிடுகிறது. ஐப்பசியில் அம்மன் திருக்கல்யாணம் வருகிறது. அதுவரை துடைப்பேன்.

செண்பகவல்லி அம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அந்த ஆளைத் தபாலில் மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சட்டைப் பையில் வைத்து நீங்களே கொண்டுவாருங்கள்.

உங்கள் முன் சீட்டுக்காரி,
ஜெயப்பிரியா