பாலத்தில் திரும்பிய வண்டி

ஹெய்ம்டால், மினசோட்டா
பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சோல்வெய்க்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த வெயில் ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரி ஷிப்டு முடிந்ததும் ஒழுங்காகத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உடம்புக்கு என்று நான் எழுதியதைக் கவனி. மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வழியில்லை, அப்பா இப்போது எந்நேரமும் வீட்டில், சமையலறைக்கும் அவர் நாற்காலிக்கும் நடுவே கதவும் கிடையாது. இன்று சர்ச் விருந்துக்கு நாற்காலி போடப் போயிருக்கிறார், வருவதற்குள் முடிக்க வேண்டும்.

ஊர்ச் செய்தி என்றால், இங்கே மூன்று வாரமாகப் பூஜ்யத்துக்கு மேலே ஏறவில்லை. இங்க்ரிட் அத்தைக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி, தடியை ஊன்றி நடப்பதைவிட அதை நீட்டி மற்றவர்களை வேலை ஏவுவதுதான் அதிகம். நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்தது, ஒன்றுகூட நசுங்கவில்லை.

நம் பள்ளி மாவட்டமும் டால்பி பள்ளி மாவட்டமும் ஒரே கண்காணிப்பாளரை வைத்துக்கொள்வது என்று போன ஏப்ரலில் முடிவானது உனக்குத் தெரியும், அதில் இங்கே கண்காணிப்பாளராக இருந்த அப்பாவுக்கு இடமில்லாமல் போனதும் தெரியும். தெரியாதது, அந்தத் திட்டத்தை எழுதியதே அப்பா என்பது. நம் பக்கம் பிள்ளைகள் குறைந்துகொண்டே போக, ஊரூராகப் போய் அவரே பேசினார். இரண்டு மாவட்டத்துக்கும் ஒரு கண்காணிப்பாளர், ஒரு கணக்கு அலுவலகம், பஸ்களுக்கு ஒரே மேற்பார்வை என்றால்தான் பேண்டு வாத்தியாரையும் மரவேலை வகுப்பையும் காப்பாற்ற முடியும் என்றார். காபிக் கடையில் ஆர்வில் விட்டுவைப்பாரா. "அப்ப நமக்குப் பாதி சூப்பரண்டுதானா லோவெல்? எந்தப் பாதி, பேசுற பாதியா, கையெழுத்துப் போடுற பாதியா?" என்று கேட்டார். அப்பா, "கேக்குற பாதிய உனக்குத் தரேன் ஆர்வில், காது உனக்குத்தான் வேணும்" என்றார். அன்று எல்லோரும் சிரித்தார்கள். அவர் நினைத்தது, டால்பியின் கண்காணிப்பாளர் டெனிஸ் ஹூல்ட்கிரென் இளையவள், வேறு பெரிய ஊருக்குப் போய்விடுவாள் என்று. அவள் போகவில்லை. நம் பள்ளி வாரியத்தின் ஏழு பேரில் நால்வர் அவளுக்குக் கை தூக்கினார்கள். நான் வழக்கம்போல் பத்திரிகை நிருபருக்கான நாற்காலியில் இருந்தேன். நான்கு பத்தியில் செய்தி எழுதினேன், மூன்றாவது பத்தியில் உன் அப்பா பெயர், பத்தொன்பது ஆண்டு பணியாற்றியவர் என்று ஒரு வரி. கூட்டம் முடிந்ததும் அப்பா எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

டெனிஸைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். பேண்டு வாத்தியார் இருக்கிறார், மரவேலை வகுப்பும் இருக்கிறது. அப்பா சொன்னது அப்படியே நடந்தது.

ஆனால் குளிர்காலம் வந்ததும் அவரால் படுத்திருக்க முடியவில்லை. நீ பார்த்து வளர்ந்ததுதானே, விடிவதற்கு முன் எழுந்து கீழைச் சாலையில் வண்டியை ஓட்டிப்போய், லிண்ட்வால் பாலத்தில் நிறுத்தி, இறங்கி, பூட்ஸ் காலைத் தேய்த்துப் பார்ப்பார். பாலம் நன்றாக இருந்தால் கடந்து அந்தப் பக்கப் பண்ணைகளைச் சுற்றி வருவார், வழுக்கினால் திரும்பி வந்து இன்று பள்ளி இரண்டு மணி நேரம் தாமதம் என்று ரேடியோவுக்குச் சொல்வார். இப்போது அந்த முடிவு டெனிஸுடையது. டால்பியிலிருந்து இருபத்தாறு மைல், இங்கே நமக்காகச் சாலை பார்க்க ஓர் ஆளை வைத்திருக்கிறாள், எல்லோர் போனுக்கும் செய்தி வந்துவிடுகிறது. இருந்தும் அப்பா கிளம்பினார். ஏன் என்று கேட்டால், "சும்மா ஒரு சுத்து. இஞ்சினுக்கு நல்லது" என்பார். நானும் பிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி மூன்றாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று சாலை சுத்தமாக இருந்தது, டெனிஸிடமிருந்து எந்தச் செய்தியும் இல்லை, அப்படியென்றால் வழக்கமான நேரம். அப்பா பாலத்தில் இறங்கிக் காலைத் தேய்த்திருக்கிறார். பாலம் காய்ந்து கிடந்ததாம். கடந்து போகத்தான் வண்டியில் ஏறினாராம், சுற்றிப் பார்த்துவிட்டு வந்து இனி யாரிடம் சொல்வது என்று தோன்றியதாம், திரும்பிவிட்டார். கீழைச் சாலைக்காரர்கள் ஜன்னலில் அவர் வண்டி விளக்கைப் பார்த்திருக்கிறார்கள், நின்றது, திரும்பியது. "லோவெல் வண்டி திரும்பிடுச்சு, இன்னிக்கு லேட்டுதான், பிள்ளைங்களத் தூங்க விடு" என்று வீட்டுக்கு வீடு போன் போயிருக்கிறது. போனில் செய்தி வந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை. பஸ் வழக்கம்போல் ஏழரைக்கு வந்து ஒவ்வொரு வாசலிலும் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

ஜெனெல் டோர்விக் வீட்டில் அன்று ஒரு மாடு கன்று போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. பஸ் ஒன்பதரைக்கு என்று மகள் ஆனிகாவிடம் சொல்லி உடுத்திவிட்டு அவள் கொட்டகைக்குப் போய்விட்டாள், அங்கே ஹாரன் கேட்கவில்லை. குழந்தைக்கு ஆறு வயது. சொன்னபடி வெளியே வந்து தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது, பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. ஒரு கையுறை எங்கோ விழுந்துவிட்டது. பஸ்ஸைத் தவறவிட்டால் அம்மா திட்டுவாள் என்று உள்ளேயும் போகவில்லை. தபால்காரர் வந்து பார்க்கும்போது பத்தரை. இரண்டு விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது. விரல்கள் பிழைத்துவிட்டன, சோல்வெய், ஒரு நகம்தான் போயிற்று, முதலில் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்பாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜெனெல் கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எழுந்து வந்து அப்பாவின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனையே பாக்கல லோவெல். உங்க வண்டி திரும்புனதப் பாத்தேன், அது போதும்னு இருந்துட்டேன்" என்றாள். அவள் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். 

மறுநாள் மாலை டெனிஸ் வந்தாள், தானே செய்த ஆப்பிள் கேக்குடன். கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசை முன்னால் உட்கார்ந்து, "உங்களத் தப்பு சொல்ல வரல லோவெல். ஆனா அந்த ரோட்டுல உங்க வண்டி தெரியுற வரைக்கும் நான் அனுப்புறத யாரும் பாக்கப்போறதில்ல" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா, "நீ சொல்றது சரிதாம்மா. ரெண்டு ஊருக்கும் ஒருத்தர்தான் சொல்லணும், நானேதான் அப்படி எழுதினேன்" என்றார். கேக்கை வெட்டி முதல் துண்டை அவளுக்கே வைத்தார். அவள் போனதும் வண்டியைக் கொட்டகையின் கடைசியில் நிறுத்திச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார், நான் கேட்கவே இல்லை.

அன்று முதல் வெளியே போவதில்லை. ஆனால் எழுந்துவிடுகிறார். பூட்ஸ் போட்டுக்கொண்டு, கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, விளக்குப் போடாமல் சமையலறை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியில் படிந்த உறைபனியை விரலால் சுரண்டி வெப்பமானியைப் பார்க்கிறார். பஸ் நம் தெருவைக் கடந்து போனதும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போய்ப் படுக்கிறார். எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்டிருக்கிறேன், அவரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வியும் வரவில்லை.

நீ வர வேண்டாம், லீவு போட வேண்டாம். ஒரே ஒரு காரியம் செய். இங்கே ஐந்தரை ஆகும்போது உனக்கு அங்கே நாலரை, வேலையில் விழித்துத்தான் இருப்பாய். அவர் போனுக்குக் கூப்பிடு. நலமா என்று கேட்காதே, நலம் என்று சொல்லிவிடுவார். சின்ன வயதில் பனி பெய்த காலையிலெல்லாம் கஞ்சிக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "அப்பா, இன்னிக்கு ஸ்கூல் உண்டா?" என்று கேட்பாயே, மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் உனக்கு மட்டும் தெரியக் கூடாது என்று, "ரேடியோ சொல்லும், கேட்டுக்கோ" என்பாரே, ஒரு நாளும் பதில் சொன்னதில்லையே, அதையே கேள்.

கார் டயரில் காற்றுப் பார்த்துக்கொள், தண்ணீர் நிறையக் குடி. கர்த்தர் உன்னைப் போகும்போதும் வரும்போதும் காக்கட்டும். இப்படி எழுதினேன் என்று அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே.

உன் அம்மா,
வெர்னா பிராண்ட்வோல்ட்