ஆட்டம் வேறு, குலுக்கல் வேறு

புதன்கிழமை, மதியம்

அன்புப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு, பல் தேய்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், நான் நன்றாக இருக்கிறேன், அப்பா படுத்தபடி நன்றாக இருக்கிறார். உட்கார்ந்தால் கால் மணி நேரம்தான், அதற்கு மேல் இடுப்பிலிருந்து குதிகால் வரை சுண்டி இழுக்கிறது என்கிறார், ஆபரேஷனில் முதுகில் திருகாணி வைத்து வருஷம் ஆகப் போகிறது, அதைச் சுற்றி எலும்பு சேர இன்னும் நாள் ஆகுமாம். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. உன்னையும் டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்று நான் சொன்னதும், அங்க மக படுத்திருக்கா, இங்க நான் படுத்திருக்கேன், வீட்டுல நடமாடுற ஆள் நீ ஒருத்திதான், பாத்து நட, நீயும் விழுந்துடாதே என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

போன மாதம் போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. நீ வர வேண்டாம்மா, நீ வந்துட்டா அப்பாவை யாரு பாத்துப்பாங்க, நான் ஒரு நர்ஸை வச்சுக்கிறேன், அந்த ஆடுற வண்டியை முதல்ல வித்துடு என்றாய். மாப்பிள்ளை கப்பலை விட்டு இறங்க இன்னும் இரண்டரை மாதம், உனக்குத் தேதி ஐந்து வாரத்தில். இந்தக் கணக்கில் நர்ஸ் எங்கே வருகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. போன முறை உனக்குக் கலைந்தபோது நீ ஆஸ்பத்திரியில் தனியாக இருந்தாய், அன்றைக்குத்தான் இங்கே அப்பாவை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் அந்த நீளமான வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உன்னோடு போனில் பேசிக்கொண்டே அந்த அறைக் கதவையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அழவே இல்லை, அதுதான் என்னை அறுத்தது. இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்று அன்றைக்கு எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். சரி, அடுத்த முறை இரண்டு பேரையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று அன்றே மனதில் முடிச்சுப் போட்டுவிட்டேன். விமானத்தில், ரயிலில் அப்பாவால் உட்கார முடியாது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற நம் வீட்டுவண்டி வாசலில் நிற்கிறது. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டின கை எனக்கு இருக்கிறது. வேறு என்ன வேண்டும்?

வேண்டியிருந்தது, அதுதான் இந்தக் கடிதம். உனக்கே தெரியும் நம் வண்டி லட்சணம். வளைவில் சாயும், பெரிய லாரி பக்கத்தில் போனால் அதன் பின்னாலேயே போகிறேன் என்று இழுக்கும், ஒரு சின்னப் பள்ளம் வந்தால் அலமாரியில் இருக்கிற தட்டெல்லாம் கச்சேரி நடத்தும். அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய்க் கேட்டேன். படுத்தே போகலாம், படுக்கையோடு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும், ஆனால் தூக்கிப் போடக் கூடாது, ஒரு பெரிய குலுக்கல் போதும், உள்ளே வைத்தது நகர்ந்துவிடும் என்றார். உன் சித்தப்பா அதைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணி, அண்ணனை உயிரோட கொண்டுபோய்ச் சேர்க்கணும்னா அந்த வண்டியைத் தொடாதீங்க என்றார். நான் தொட்டேன்.

பஸ் டிப்போவில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இப்போது தனியாகப் பட்டறை வைத்திருக்கிறார். எதைக் கேட்டாலும் பொறுங்க என்றுதான் வாயைத் திறப்பார், அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பொறுங்கண்ணன். அவரிடம் வண்டியை விட்டேன், அவசரத்தில் நான் சொன்னது ஒரே வாக்கியம், அண்ணே, அடியில எல்லாத்தையும் நல்லா கெட்டியா பண்ணிக் குடுத்துடுங்க. நான் நினைத்தது என்ன, நல்லபடியாக, பழுதில்லாமல், நம்பிப் போகிற மாதிரி. அவர் காதில் விழுந்தது என்ன, இறுக்கமாக. பின்பக்கம் இருக்கிற வில் பட்டைகளில் இன்னும் இரண்டு பட்டை சேர்த்து, லாரிக்குப் போடுகிற ஷாக் அப்சார்பரை மாட்டி, டயரில் காற்றையும் முட்ட முட்ட ஏற்றிவிட்டார். பார்க்க வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அழகாக நின்றது. நான் அவரை ஓட்டச் சொல்லிவிட்டு அப்பாவின் படுக்கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தேன், எனக்கு நடந்த பிறகுதான் அவருக்கு என்று வைத்திருந்தேன். தெருமுனை தாண்டவில்லை பாப்பா. ரோட்டில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணிச் சொல்லலாம், அப்படி ஒவ்வொன்றும் முதுகில் வந்து கேட்டது. வேகத்தடையில் பட்டையையும் மீறித் தூக்கிப் போட்டதில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இறங்கி வந்தபோது சித்தப்பா வாசலில் நின்றுகொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார், திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றைக்குத்தான் கொஞ்சம் தளர்ந்தேன், உண்மையைச் சொல்கிறேன். அப்பாதான் படுத்தபடியே கேட்டார், நீ அவர்கிட்ட என்ன சொன்னே, வார்த்தைக்கு வார்த்தை சொல்லு என்று. சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, நாப்பது வருஷம் தரைக்கல் பதிச்சிருக்கேன், கெட்டியா போடுங்கன்னு சொன்ன எந்த வீட்டுக்காரருக்கும் என்ன வேணும்னு அவருக்கே தெரியாது, நான்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும் என்றார். மறுநாள் பட்டறைக்குப் போய், தப்பு என் வாயில்தான் என்று பொறுங்கண்ணனிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுங்க, அந்த ஒரு வார்த்தையை விட்டுட்டு மத்த வார்த்தையில சொல்லுங்க, படுத்திருக்கிறவருக்கு எது வலிக்கும் என்றார். யோசித்துச் சொன்னேன், பக்கவாட்டில் ஆடினால் உருள்வார், இடுப்பு திருகும், மேலும் கீழும் குலுங்கினால் அடி விழும். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஆட்டம் வேற, குலுக்கல் வேற, ரெண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது, ஒண்ணுக்குக் குடுத்த மருந்து இன்னொண்ணைக் கிளப்பும் என்றார். இதை முதல் நாளே கேட்டிருந்தால் என் நாக்கு தப்பித்திருக்கும்.

அப்புறம் நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எடைப் பலகை வைத்து நிறுத்துப் பார்த்தார். பின் இடது மூலை மட்டும் மற்ற மூலையைவிட இருநூறு கிலோ அதிகம். தண்ணீர்த் தொட்டியும் அடுப்பும் அந்தப் பக்கம்தான், ஆனாலும் இவ்வளவு எப்படி என்று படுக்கைக்கு அடியில் இருக்கிற பலகையைத் திறந்தால், பதினொரு பெட்டி தரைக்கல். உன் அப்பா வேலையில் மிஞ்சியதையெல்லாம் வருஷக் கணக்காக எனக்குத் தெரியாமல் அடுக்கி வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கேட்டால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, பாப்பா வீட்டு சமையலறைக்கு ஒரு நாள் ஆகும்னு வச்சேன் என்கிறார். இந்த வயதில் ஒரு மனிதனைத் திட்டவும் முடியவில்லை, கொஞ்சவும் முடியவில்லை. பத்துப் பெட்டியை இறக்கினேன். ஒரே ஒரு பெட்டிக்குக் கெஞ்சினார், நீல நிறக் கல், சரி என்று அதை வலது பக்கம் வைத்தேன்.

அதற்கப்புறம் பொறுங்கண்ணன் அவசரப்படவே இல்லை, என்னையும் விடவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், மாற்றினால் ஓட்டிப் பார்க்க வேண்டும், நான் படுத்துப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் அடுத்தது. முதலில் சேர்த்த வில் பட்டைகளைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் இரண்டு ஏர் பலூன் வைத்தார், இடது வலது தனித்தனியாகக் காற்று ஏற்றலாம், பாரத்தை அது தாங்கிக்கொள்ளும், வில் பட்டை விறைக்க வேண்டியதில்லை. அப்புறம் நம் வண்டியின் எடைக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர் நாலு, பள்ளத்தில் இறங்கின வண்டி ஒரே மூச்சில் சமாதானமாகிவிடுகிறது, முன்போல மூன்று முறை துள்ளுவதில்லை. மூன்றாவதாக ஆட்டத்துக்கு, ஒரு பக்கச் சக்கரத்தையும் மறு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற தடித்த கம்பி, பழசு மெலிசாக இருந்ததாம். இப்போது வளைவில் வண்டி சாய யோசிக்கிறது, லாரி பக்கத்தில் போனால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கடைசியில் டயர் காற்று, நாலுக்கும் ஒரே அளவு என்று இத்தனை வருஷம் நாம் அடித்துக்கொண்டிருந்தது தப்பாம், ஒவ்வொரு அச்சும் சுமக்கிற எடைக்குத் தக்கபடிதான் அடிக்க வேண்டுமாம். அதைச் சரி செய்ததிலேயே பாதிக் குலுக்கல் போய்விட்டது. சக்கரங்கள் நேராக ஓடுகின்றனவா என்று அலைன்மெண்டும் பார்த்துச் சரி செய்தாயிற்று. அப்பாவின் படுக்கையை வண்டிச் சட்டத்தோடு போல்ட் போட்டு, மார்பு, இடுப்பு, முழங்கால் என்று மூன்று பட்டை வைத்து, வாகன ஆய்வாளர் வந்து மூன்றையும் தொங்கி இழுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தைச் சித்தப்பாவிடம்தான் முதலில் காட்டினேன்.

நேற்றுக் காலை அப்பாவை ஏற்றினோம். சித்தப்பாவும் பொறுங்கண்ணனும் பலகையோடு தூக்கி வைத்தார்கள். படுத்ததும் அவர் கேட்டது என்ன தெரியுமா, தரைக்கல் பதிக்கும்போது மட்டம் பார்க்கிற தன் ரசமட்டத்தை. அதைத் தலைமாட்டில் வைத்து, குமிழ் நடுவில் நிற்கும்வரை இடது பலூனில் காற்றை ஏற்று, இறக்கு, கொஞ்சம் ஏற்று என்று பொறுங்கண்ணனைப் படுத்தி எடுத்துவிட்டார், அண்ணன் முதல் தடவையாகப் பொறுங்க என்று சொல்ல மறந்துபோனார். வலித்தால் சுவரைத் தட்டுங்கள், உடனே நிறுத்துகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பொறுங்கண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எடுத்தேன். நல்ல ரோட்டில் இருபது கிலோமீட்டர், அப்புறம் கல் குவாரிக்குப் போகிற அந்த உடைந்த ரோட்டில் வேண்டுமென்றே திருப்பினேன், வழியில் இதைவிட மோசமாக எதுவும் வராது என்றுதான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன், தட்டுகிற சத்தம் இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. டாக்டர் சொன்னதெல்லாம் ஒன்றாகக் காதில் விழுந்தது பாப்பா, ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடினேன். தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருக்க, மூன்று பட்டைக்குள்ளும் அசையாமல், குறட்டையோடு. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி நான் பார்த்ததில்லை. நான் எழுப்பவில்லை. அந்தப் புழுதி ரோட்டு ஓரத்தில் முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், பொறுங்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் டயரைப் பார்க்கிற மாதிரி நின்றார்.

அதனால் கேட்டுக்கொள். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை காலை கிளம்புகிறோம். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட மாட்டேன், வெயில் ஏறினால் நிறுத்திவிடுவேன், நாலாம் நாள் உன் தெருவில் இருப்போம். இதைப் போனில் சொல்லாமல் ஏன் கடிதம் போடுகிறேன் என்று நினைப்பாய். போனில் சொன்னால் வேண்டாம் என்பாய், நீ அழுதால் நான் இளகிப் போவேன். இது உன் கைக்கு வரும்போது நாங்கள் பாதி வழி தாண்டியிருப்போம், அப்புறம் உன் வேண்டாம் எங்கே போய்ச் சேரும். கிளம்பின பிறகு தினமும் நிறுத்துகிற இடத்திலிருந்து கூப்பிடுகிறேன், என்னைத் திட்ட வேண்டுமென்றால் அப்போது திட்டு, ஆனால் படுத்துக்கொண்டு திட்டு. உன் வீட்டு வாசலில் ஏழு மீட்டர் நீளத்துக்கு இடம் வேண்டும், கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்லி அவர்கள் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல். தண்ணீர் நிறையக் குடி. இடது பக்கமாக ஒருக்களித்துப் படு. குழந்தை ஒரு நாளில் எத்தனை முறை உதைக்கிறது என்று எழுதி வை, வந்ததும் பார்ப்பேன். மாப்பிள்ளைக்கு நான் தனியாகத் தகவல் அனுப்பிவிட்டேன், அவர் எங்கள் கட்சி.

நீ நல்லபடியாகப் பெற்றெடுக்க வேண்டும், தாயும் பிள்ளையும் முழுசாக என் கைக்கு வர வேண்டும், அது ஒன்றுதான் நான் கேட்பது, அதற்கு எங்கள் இருவரின் ஆசியும் உன் தலைமேல் எப்போதும் இருக்கிறது. அப்பா ஒரு முத்தம் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

ஒன்றே ஒன்று, இதை மட்டும் மறக்காதே. வீட்டுச் சாவியைக் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்து வை. ஹாரன் சத்தம் கேட்டாலும், படியில் என் செருப்புச் சத்தம் கேட்டாலும், நீ எழுந்து வராதே. கதவை நான் திறந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் வந்துகொண்டிருக்கும்
அம்மா