தேதி போடாத சீட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்
கடிதம் வந்துவிட்டது. நிரந்தர வசிப்புரிமைக்கு நான் போட்ட விண்ணப்பத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். நாங்கள் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்வதற்குச் சான்று போதாதாம். முப்பது நாளில் காட்டாவிட்டால் நான் மட்டும் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அவருக்கு உரிமை ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

சேர்ந்துதான் வாழ்கிறோமா? ஐந்து மணிக்கே அவர் பேக்கரிக்குப் போய்விடுகிறார். மாலை நாலுக்கு வருகிறார். நான் இரண்டுக்கே மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குக் கிளம்பிவிடுகிறேன். திரும்பி வந்தால் குறட்டைதான் வரவேற்கிறது. ஞாயிறு ஒன்றுதான் குடித்தனம்.

மார்ச் 9, ஞாயிறு
நாலு வருடத்தில் இருவரும் சேர்ந்திருக்கும் படங்கள் மூன்றே மூன்று. மற்றதிலெல்லாம் நான் தனியாக இளிக்கிறேன்.

"நீ நல்லாருக்கே, உன்னை எடுத்தேன். என் மூஞ்சி எதுக்கு?" என்கிறார். ஒழுங்காகக் கோபப்படக்கூட விடமாட்டார் இந்த மனிதர்.

பிறகு பரண்மேலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை இறக்கினார். ஃப்ரிட்ஜ் கதவில் நான் ஒட்டிவைத்த சீட்டுகள், அத்தனையும்! 'பால் இல்லை.' 'சாவியோட சட்டையைத் துவைச்சாச்சு. திட்டியும் ஆச்சு.' அவர் எனக்கு எழுதியவற்றை நான் என்ன செய்தேன்? பின்பக்கத்தில் காய்கறிப் பட்டியல் எழுதி, கடைக்குப் போய்வந்ததும் குப்பையில் போட்டேன். வெட்கமாக இருந்தது.

மார்ச் 12
மொழிபெயர்ப்புக்கு வரும் அக்கா பெட்டியைக் கிளறிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணுலயும் தேதி இல்லையேம்மா. நேத்து உக்காந்து எழுதினதும்பாங்க. தேதியோட வேற எங்கயாவது எழுதி வச்சிருக்கியா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "டைரி எழுதுவேன்க்கா. அவர் சீட்டுல எழுதினதைக்கூட சில நாள் அதுல எழுதி வைப்பேன்."

"அதைக் கொண்டா. மொழிபெயர்ப்போட நோட்டையே காட்டுவோம்."

இந்த நோட்டையா!

மார்ச் 13
மாட்டேன்.

மார்ச் 15
காரணம் போன வருடத்து நவம்பர் 18. 'இவரோடு இருப்பதும் தனியாக இருப்பதும் ஒன்றுதான். ஊருக்கே போய்விடலாமா?' என் கையெழுத்துதான். அதிகாரி படித்தால் தொலைந்தது. அவர் படித்தால் —

கிழித்துவிடலாம் என்று தாளைப் பிடித்தேன். பின்பக்கத்தில் நவம்பர் 19. எனக்குக் காய்ச்சல். அவர் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். இருந்தும் பழக்கதோஷம், தலையணைப் பக்கத்தில் ஒரு சீட்டு: 'கஞ்சி வச்சிருக்கேன். எழுந்ததும் கூப்பிடு. பக்கத்து ரூம்லதான் இருக்கேன்.' இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்? ஆனால் ஒரே தாள். ஒன்றைக் கிழித்தால் இரண்டும் போகும்.

மார்ச் 16, ஞாயிறு
நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் துணி உலர்த்தப் போனேன். ஒரே துண்டை நாலு தடவை உதறியிருப்பேன். திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கிழிச்சிடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். நீ இவ்வளவு தவிச்சிருக்கே, நான் தூங்கியிருக்கேன். அதுவும் இருக்கட்டும்." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐயோ, எவ்வளவு பிடித்திருக்கிறது எனக்கு இவரை!

மார்ச் 28
நேர்காணல். நினைத்தபடியே அதிகாரி அந்தப் பக்கத்துக்குத்தான் வந்தார்.

"இந்த நாளை ஏன் மறைக்கலைன்னு கேக்கறாங்க" என்றார் அக்கா.

"பின்பக்கத்துல கஞ்சி இருக்குன்னு சொல்லுங்கக்கா."

அக்கா சிரித்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் தாளைத் திருப்பினார்.

ஏப்ரல் 10
பதில் இல்லை.

மே 20
கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது! விண்ணப்பம் முடிவதற்குள் வேலைக்கு எதுவும் ஆகிவிடக்கூடாதே என்று ஷிஃப்டை மாற்றித் தரச் சொல்லி இத்தனை நாள் கேட்காமல் இருந்தேன். இன்று மேற்பார்வையாளரிடம் பகல் ஷிஃப்ட் கேட்டுவிட்டேன். அடுத்த மாதம் தருகிறாராம்.

ஜூன் 9, திங்கள்
பகல் ஷிஃப்டில் முதல் நாள். நாலரைக்கு வீட்டுக்கு வந்தேன். வாசலில் அவருடைய மாவு படிந்த ஷூ. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு:

'ஜூன் 9, மாலை 4.10. பக்கத்து ரூம்லதான் இருக்கேன்.'

பின்பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை. இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.